குவாட் போட்டவருக்கு வெள்ளி, போடாதவருக்குத் தங்கம்: வான்கூவர் 2010 சண்டை ஏன் இன்னும் ஓயவில்லை?

கேள்வி இதுதான்: 2010 வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக்கில், ஆண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங்கில், குவாட் எனப்படும் நான்கு சுற்றுத் தாவலை விழாமல் போட்டுக் காட்டிய ரஷ்யாவின் எவ்கெனி ப்ளூஷென்கோவுக்கு வெள்ளி. அந்தத் தாவலை முயற்சிகூடச் செய்யாத அமெரிக்காவின் ஈவன் லைசாசெக்குக்குத் தங்கம். இது எப்படி நடந்தது, ரசிகர்கள் சொல்வதுபோல அநியாயமா?

அன்றைய விதிப்படி அநியாயம் இல்லை. விதியே சரிதானா என்பது வேறு கேள்வி. அன்று இரவே ரசிகர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டார்கள், அந்தக் குழப்பம் இன்னும் தீரவில்லை. ஒரு தரப்பு ‘தாவல் தோற்றது’ என்கிறது. மற்றது ‘கலை ஜெயித்தது’ என்கிறது. மதிப்பெண் தாளைப் பிரித்துப் பார்த்தால் இரண்டுமே தப்பு.

முதலில் அன்றைக்கு இருந்த சூழல். 1992 முதல் 2006 வரை ஐந்து ஒலிம்பிக்குகளிலும் ஆண்கள் தங்கம் பழைய சோவியத் மண்ணைச் சேர்ந்தவர்களுக்குத்தான் போனது: பெட்ரென்கோ, உர்மானோவ், குலிக், யாகுதின், ப்ளூஷென்கோ. ஜோடிப் பிரிவிலோ 1964இலிருந்து ஒருமுறைகூடக் கைநழுவவிட்டதில்லை. (2002இல் நடுவர் ஊழலுக்குப் பிறகு கனடா ஜோடிக்கும் சேர்த்துத் தங்கம் கொடுத்தார்கள், அது தனிக்கதை.) வான்கூவரில் அந்த ஜோடித் தங்கம் சீனாவுக்குப் போய்விட்டது. அது நடந்து மூன்றே நாளில் ஆண்கள் பிரிவின் இறுதிச் சுற்று. ரஷ்ய ரசிகன் எந்த மனநிலையில் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பான் என்று யோசித்துப் பாருங்கள். ப்ளூஷென்கோ வேறு, 2006 டூரின் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய பிறகு மூன்று வருடத்துக்கு மேல் போட்டிப் பக்கமே வராமல் இருந்துவிட்டு, 27 வயதில் திரும்பி வந்தவர்.

எதிர்ப்பக்கத்தில் லைசாசெக். 2009 உலக சாம்பியன். இடது பாதத்தில் ஏற்பட்ட எலும்பு முறிவுக்குப் பிறகு குவாட்டை ஒதுக்கி வைத்தவர். அவருடைய பயிற்சியாளர் ஃபிராங்க் கேரல், மிஷெல் குவானை வளர்த்தவர், அதுவரை ஒலிம்பிக் சாம்பியனை உருவாக்காத பெரிய மனிதர். இவர்கள் இருவரும் உட்கார்ந்து செய்தது ஒரு கணக்கு வேலை. குவாட் இல்லாமல் அதற்கு ஈடான மதிப்பெண்ணை வேறு எங்கிருந்தெல்லாம் எடுக்கலாம் என்று பார்த்தார்கள்.

பிப்ரவரி 16 ஷார்ட் புரோகிராம், அதாவது முதல் சுற்று. ப்ளூஷென்கோ 90.85, லைசாசெக் 90.30, ஜப்பானின் டைசுகே தகாஹாஷி 90.25. மூன்று பேருக்கும் நடுவே ஒரு மதிப்பெண்கூட இல்லை. பிப்ரவரி 18 இரவு ஃப்ரீ ஸ்கேட் என்ற இறுதிச் சுற்று. கடைசிக் குழுவில் லைசாசெக் முதலில் வந்தார், ப்ளூஷென்கோ கடைசியாக. லைசாசெக் எதிலும் இடறாமல் முடித்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். ப்ளூஷென்கோ வந்ததும் முதல் வேலையாக நான்கு சுற்று டோ லூப் (ஒரு வகைத் தாவல்), அதோடு ஒட்டி மூன்று சுற்று டோ லூப். ஒலிம்பிக் இறுதியில் அந்த ஜோடித் தாவலை நிறுத்தி இறங்குவது சாதாரணமில்லை. முடித்ததும் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் தூக்கிக் காட்டினார், நானே முதல்வன் என்று. பலகையில் வந்தது 165.51. லைசாசெக்குடையது 167.37. மொத்தத்தில் 257.67க்கு 256.36. வித்தியாசம் 1.31.

இனி தாள். ஃபிகர் ஸ்கேட்டிங்கில் மதிப்பெண் இரண்டு பெட்டிகளில் விழுகிறது. ஒன்று தொழில்நுட்பம்: தாவல், சுழல், காலடி வரிசை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு அடிப்படை மதிப்பு உண்டு, அதைச் செய்த விதத்துக்கு நடுவர்கள் கூட்டியோ குறைத்தோ போடுவார்கள். இன்னொன்று ஆட்டத்தின் கூறுகள்: சறுக்கும் திறன், இசையோடு இணைதல், நடனவடிவம், ஒரு தாவலுக்கும் அடுத்த தாவலுக்கும் நடுவே என்ன செய்கிறார் என்பது போன்றவை. பொதுவாக ‘கலை’ என்று ரசிகர்கள் சொல்வது இந்த இரண்டாம் பெட்டியைத்தான்.

அந்த இரவில் இரண்டாம் பெட்டியில் லைசாசெக் வாங்கியது 82.80. ப்ளூஷென்கோ வாங்கியது? அதே 82.80. புள்ளி பிசகாமல் ஒரே எண். அப்படியென்றால் கலை ஜெயித்தது என்று எப்படிச் சொல்வது? சொல்லப்போனால் அந்தப் பெட்டியில் இருவரையும் தாண்டியவர் தகாஹாஷி, 84.50. அவர் குவாட் முயன்று விழுந்தார், வெண்கலத்தோடு நின்றார். ஆண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஜப்பானுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது.

ஆக தங்கம் முடிவானது தொழில்நுட்பப் பெட்டியில். குவாட் போட்டவர் தோற்றது கலையில் இல்லை, தாவலும் சுழலும் எண்ணப்படுகிற இடத்தில்தான். லைசாசெக் 84.57, ப்ளூஷென்கோ 82.71.

இதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அடிப்படை மதிப்பு மட்டும் எடுத்தால் ப்ளூஷென்கோ 75.03, லைசாசெக் 74.93. பத்தில் ஒரு மதிப்பெண் முன்னிலை. குவாட்டோடு வந்தவருக்கு இவ்வளவுதானா என்றால், இவ்வளவுதான். நான்கு சுற்று டோ லூப்பின் மதிப்பு அன்று 9.8, மூன்று சுற்று லட்ஸ் என்ற தாவலின் மதிப்பு 6.0. மேலே கிடைத்த அந்த 3.8ஐ லைசாசெக் சில்லறை சில்லறையாகத் திரும்பப் பிடித்தார். ஆட்டத்தின் பின்பாதியில் போடும் தாவலுக்கு 10 சதவீதம் கூடுதல் என்பது விதி, கால் தளர்ந்த பிறகு தாவுவது கடினம் என்பதால். லைசாசெக் எட்டுத் தாவல் முயற்சிகளில் ஐந்தைப் பின்பாதியில் வைத்தார், அதில் ஒரு ட்ரிபிள் ஆக்சலும் (மூன்றரைச் சுற்றுத் தாவல்) உண்டு. ப்ளூஷென்கோ பின்பாதியில் வைத்தது மூன்றுதான். பெரிய சரக்கை எல்லாம் முதல் இரண்டு நிமிடத்தில் இறக்கிவிட்டார்.

மீதி, செய்த விதத்துக்குக் கிடைத்த கூடுதல். லைசாசெக்குக்கு 9.64, ப்ளூஷென்கோவுக்கு 7.68. இங்கேதான் தங்கம் கைமாறியது. அன்றைய காணொளியைக் கிடைத்தால் பாருங்கள், ஆனால் குவாட்டைப் பார்க்காதீர்கள், அதற்குப் பிறகு வருவதைப் பாருங்கள். ப்ளூஷென்கோ சில தாவல்களில் காற்றிலேயே ஒரு பக்கமாகச் சாய்கிறார். நிமிர்ந்த கம்பம் மாதிரி சுற்ற வேண்டிய உடம்பு சரிந்து சுற்றுகிறது. இறங்கும்போது இடுப்பை வளைத்து, கையை வீசி, எப்படியோ ஒற்றைக் காலில் நிற்கிறார். வேறு யாராக இருந்தாலும் விழுந்திருப்பார்கள். விழாமல் நிற்பது அசாத்தியத் திறமை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நடுவர் பார்க்க வேண்டியது விழுந்தாரா இல்லையா என்பதை மட்டும் அல்ல. இறங்கிய பிறகு வேகம் குறையாமல் பின்னோக்கி நீளமாக வழுக்கிப் போகிறாரா, தாவலுக்கு முன் எவ்வளவு நேரம் நேர்கோட்டில் ஓடித் தயாராகிறார், இதெல்லாமும் சேரும். லைசாசெக்கின் தாவல்கள் உயரத்தில் பிரமாதம் இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் ஒரே மாதிரி சுத்தம்.

என் கருத்தைக் கேட்டால், அன்றைய விதிப்புத்தகத்தை நன்றாகப் படித்தவர் ஜெயித்தார். அதில் கேவலம் ஒன்றும் இல்லை, பெரிய வீரமும் இல்லை.

ரசிகர்களிடம் வருவோம். ப்ளூஷென்கோவே நெருப்பைப் பற்ற வைத்தவர். பரிசு மேடையில் ஏறும்போது முதலிடத்துப் படியின் மேல் கால் வைத்துத் தாண்டி தன் இடத்துக்குப் போனார். குவாட் இல்லாவிட்டால் இது ஆண்கள் ஸ்கேட்டிங்கே இல்லை, ஐஸ் டான்ஸ் (பெரிய தாவல்கள் இல்லாத ஜோடி நடனப் பிரிவு) என்கிற மாதிரி பேட்டி கொடுத்தார். அவருடைய இணையதளத்தில் ‘பிளாட்டினம்’ பதக்கம் வாங்கியதாகப் போட்டுக்கொண்டார்கள். அப்போது பிரதமராக இருந்த புதின், உங்கள் வெள்ளி தங்கத்துக்குச் சமம் என்கிற தொனியில் தந்தி அனுப்பினார். நாட்டின் பிரதமரே சொன்ன பிறகு ரசிகன் சும்மா இருப்பானா?

இதை ரஷ்யா - அமெரிக்கா சண்டை என்று மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். கனடாவின் எல்விஸ் ஸ்டாய்கோ, இரண்டு முறை ஒலிம்பிக் வெள்ளி வாங்கியவர், குவாட் தலைமுறையின் முன்னோடிகளில் ஒருவர், ப்ளூஷென்கோ பக்கம் நின்றார். ஃபிகர் ஸ்கேட்டிங்கை அந்த இரவில் கொன்றுவிட்டார்கள் என்று கடுமையாகவே எழுதினார். 1988இல் பிரையன் பொய்டானோ செய்ததற்கு மேல் லைசாசெக் என்ன செய்துவிட்டார் என்பது அவர் வாதம். பொய்டானோ அந்த ஆண்டு தங்கம் வாங்கிய அமெரிக்கர், அவருக்குப் பிறகு தங்கம் வாங்கிய முதல் அமெரிக்க ஆண் லைசாசெக்தான். 22 வருடத்தில் ஆட்டம் முன்னே போகவில்லை, பின்னே போய்விட்டது என்பது ஸ்டாய்கோவின் கோபம். லைசாசெக்கின் பதிலும் சாதுரியமானது. தாவல் போட்டிதான் என்றால் ஆளுக்குப் பத்து நொடி கொடுத்து ஒரு தாவல் போடச் சொல்லிவிடலாமே, எங்களுக்கு நாலரை நிமிடத்துக்கு மேல் அல்லவா கொடுக்கிறார்கள் என்று கேட்டார்.

அப்புறம் அந்த மின்னஞ்சல் விவகாரம். ஒலிம்பிக்குக்கு முன்னால் நடந்த ஐரோப்பியப் போட்டியில் ப்ளூஷென்கோ வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்: எனக்கும் பிரான்சின் ஜூபேருக்கும் தாவல்களுக்கு நடுவே இணைப்பு அசைவுகள் கிடையாது, நாங்கள் தாவலில் கவனம் வைக்கிறோம் என்று. ஜோ இன்மன் என்ற அமெரிக்க நடுவர் இதைச் சுட்டிக்காட்டித் தனக்குத் தெரிந்த பலருக்கு மின்னஞ்சல் அனுப்பினார், அது பத்திரிகைக்கு வந்துவிட்டது. ரஷ்ய ரசிகர்கள் இதைச் சதிக்கான ஆதாரமாகப் பிடித்துக்கொண்டார்கள்.

எனக்கு இந்த விவகாரத்திலேயே சுவாரசியமான இடம் இதுதான். 82.80 என்ற அந்த ஒரே எண்ணை வைத்து இரண்டு தரப்புமே தாங்கள் ஏமாற்றப்பட்டதாகச் சொல்கிறார்கள். ப்ளூஷென்கோ ரசிகர்: மின்னஞ்சலால் நடுவர்கள் பயந்து குறைத்துவிட்டார்கள், இல்லாவிட்டால் 85க்குக் குறைந்திருக்காது. லைசாசெக் ரசிகர்: தாவலுக்கு நடுவே ஒன்றுமே செய்யவில்லை என்று ஒப்புக்கொண்டவருக்கு நடனம் முழுக்கக் கோர்த்து வந்தவருக்குச் சமமாக எப்படிப் போட்டார்கள், பெயருக்காகப் போட்டார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை. இணைப்பு அசைவுகளுக்கு ப்ளூஷென்கோவுக்கு உண்மையிலேயே குறைவாகத்தான் விழுந்தது, மற்றக் கூறுகளில் அது ஈடுகட்டப்பட்டது. அப்படி ஈடுகட்டியது நியாயமா என்றால், அதற்குத் தாளில் பதில் கிடையாது. யார் எந்த மதிப்பெண் போட்டார் என்பதும் அன்று வெளியே தெரியாது. நடுவர் பெயரும் மதிப்பெண்ணும் ஒட்டாதபடி மறைத்து வைத்திருந்தார்கள். நடுவர்மீது வெளியிலிருந்து நெருக்கடி வரக் கூடாது என்பதற்காகக் கொண்டுவந்த மறைப்பு அது. ரசிகர்களின் சந்தேகத்துக்கு அதைவிட நல்ல தீனி வேண்டுமா? 2016இல்தான் அந்த மறைப்பை எடுத்தார்கள்.

அந்த இரவில் எந்தத் தரப்பும் இல்லாமல் அரங்கமே ஒன்றாகக் கைதட்டியதும் நடந்தது. ஜப்பானின் நொபுனாரி ஓடா ஆடிக்கொண்டிருக்கும்போது காலணிக் கயிறு அறுந்துவிட்டது. ஆட்டத்தை நிறுத்தி, நடுவரிடம் போய்க் காலைக் காட்டி, கயிற்றைச் சரிசெய்துகொண்டு வந்து மீதியை ஆடினார். மதிப்பெண் கழிக்கப்பட்டது, ஏழாவது இடம். பதினாறாம் நூற்றாண்டின் போர்த்தலைவன் ஓடா நொபுனாகாவின் வழித்தோன்றல் என்று சொல்லப்படுபவர், அழுதுகொண்டே வெளியே போனார். ஜப்பானிய ரசிகர்களுக்கு வான்கூவர் என்றால் தகாஹாஷியின் வெண்கலத்தோடு இந்தக் கயிறும் நினைவுக்கு வரும்.

சரி, இந்தச் சண்டையால் ஏதாவது மாறியதா? மாறியது. அந்தப் பருவம் முடிந்ததும் நான்கு சுற்று டோ லூப்பின் மதிப்பு 9.8இலிருந்து 10.3 ஆனது. அந்த அரை மதிப்பெண்ணை மட்டும் வான்கூவர் தாளில் சேர்த்தாலும் 1.31ஐத் தாண்டாது என்பதைக் கவனியுங்கள். உண்மையான மாற்றம் வேறு இடத்தில். அதற்கு முன்பு குவாட்டில் சுற்று கொஞ்சம் குறைந்தால் அது மூன்று சுற்றுத் தாவலாகவே எண்ணப்படும், போதாக்குறைக்குச் செய்த விதத்துக்கும் குறைப்பார்கள். இரட்டை அடி. புதிய விதி, சிறிது குறைந்த குவாட்டுக்கும் அதன் மதிப்பில் 70 சதவீதம் கொடுத்தது. துணிந்து முயலலாம் என்றானது. நான்கே வருடத்தில், 2014 சோச்சி ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஜப்பானின் யுசுரு ஹன்யு ஃப்ரீ ஸ்கேட்டில் குவாட்டில் விழுந்தும் முதலிடத்தில் நின்றார்.

சோச்சியில் ரஷ்ய ரசிகர்களுக்கு இன்னொரு அடி காத்திருந்தது. 2014 பிப்ரவரி 13, ஷார்ட் புரோகிராமுக்கு முன் உடல் சூடேற்றும்போது ப்ளூஷென்கோ முதுகைப் பிடித்துக்கொண்டார். நடுவரிடம் போய்ப் பேசினார், கையை விரித்துக் கூட்டத்தைப் பார்த்தார், போட்டியிலிருந்து விலகினார். சொந்த நாட்டில் ஒலிம்பிக், ஆண்கள் தனிப்பிரிவில் நாட்டுக்கு இருந்தது ஒரே ஒரு இடம். அந்த இடத்தை இளைஞர் கோவ்துனுக்குக் கொடுக்காமல் இவருக்குக் கொடுத்திருந்தார்கள். நான்கு வருடம் முன்பு பிளாட்டினம் என்று கொண்டாடியவர்களில் ஒரு பகுதியே அன்று திட்டித் தீர்த்தது. அணிப் போட்டியில் அவர் ஏற்கனவே தங்கம் வாங்கிக் கொடுத்திருந்தார் என்பதும் அன்று எடுபடவில்லை.

2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் நேதன் சென், ஷார்ட் புரோகிராமில் சொதப்பி 17ஆம் இடத்தில் இருந்தவர், ஃப்ரீ ஸ்கேட்டில் ஆறு குவாட் முயன்று 215.08 வாங்கி அந்தச் சுற்றில் முதலாவதாக வந்தார். மொத்தத்தில் ஐந்தாம் இடம். தங்கம் ஹன்யுவுக்கு, 317.85. கணுக்கால் காயத்தோடு மூன்று மாதம் போட்டியில்லாமல் இருந்துவிட்டு வந்தவர். அவர் ஆட்டம் முடிந்ததும் அரங்கத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் மஞ்சள் நிற ‘வின்னி த பூ’ கரடிப் பொம்மைகள் மழையாக விழுந்தன. ஒரு பூங்கொத்தோ பொம்மையோ விழுந்தால் ஓடிவந்து பொறுக்குவதற்குச் சிறு பிள்ளைகள் தயாராக நிற்பார்கள். அன்று அவர்களால் கை நிறைய அள்ளியும் மாளவில்லை. அடுத்து ஆட வேண்டியவர் அதுவரை ஓரமாகக் காத்திருக்க வேண்டும். பூவைவிடப் பொம்மை பரவாயில்லை என்பதற்குக் காரணமும் உண்டு. தளத்தில் ஒரு இதழோ தண்டோ கிடந்து, அதன்மேல் பிளேடு ஏறினால் ஆள் விழுந்துவிடுவார்.

குவாட் குறைவு என்று 2010இல் கத்தியவர்களுக்குப் பதிலாக, 2018க்குள் குவாட் அதிகம் என்று கத்துகிறவர்கள் வந்துவிட்டார்கள். விதியும் திரும்பியது. செய்த விதத்துக்கான மதிப்பீடு கூட்டல் கழித்தல் மூன்றிலிருந்து ஐந்தாக விரிந்தது. ஃப்ரீ ஸ்கேட் அரை நிமிடம் குறைந்தது, எட்டுத் தாவல் ஏழானது. குவாட்டுகளின் மதிப்பு இறங்கியது. பின்பாதிப் போனஸ் கடைசி மூன்று தாவல்களுக்கு மட்டும் என்றானது. லைசாசெக்கின் ஐந்து தாவல் திட்டம் இனி செல்லாது. அதிகம் அடிவாங்கியது அதுவரை யாரும் போட்டியில் போட்டிராத நாலரைச் சுற்று ஆக்சல்: 15.0 இருந்தது 12.5 ஆனது. நான்கு சுற்று லட்ஸ் 11.5. அரைச் சுற்று கூடுதலுக்கும், முன்னோக்கித் தாவும் ஆபத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு மதிப்பெண். ஹன்யு ரசிகர்களின் ஆத்திரம் இதில்தான் உச்சத்துக்குப் போனது, அதில் நியாயம் இருக்கிறது என்றே நானும் நினைக்கிறேன்.

ஹன்யு அதையே 2022 பெய்ஜிங்கில் முயன்றார். ஷார்ட் புரோகிராமில் தளத்தில் இருந்த ஒரு குழியில் பிளேடு மாட்டி முதல் தாவல் வீணாகி எட்டாம் இடம். ஃப்ரீ ஸ்கேட்டில் முதல் தாவலே நாலரைச் சுற்று ஆக்சல், விழுந்தார். சர்வதேசப் போட்டியில் ஒரு முயற்சி நாலரைச் சுற்று ஆக்சலாகவே ஏற்கப்பட்டது அதுதான் முதல்முறை. சுற்று சற்றுக் குறைவு என்பதால் மதிப்பு 10.00, விழுந்ததற்கு 5.00 கழிவு, தாளில் நின்றது 5.00, அதற்கு மேல் விழுந்ததற்கான ஒரு மதிப்பெண் அபராதம். மொத்தம் 283.21, நான்காம் இடம். வெண்கலம் வாங்கிய ஷோமா உனோ 293.00. ஆக்சலுக்குப் பதிலாக ஹன்யு தனக்குப் பழக்கமான நான்கு சுற்று லூப்பைப் போட்டு, அது நல்லபடி அமைந்திருந்தால் 14 வரை கிடைத்திருக்கும், பதக்கத்தின் விளிம்புக்கு வந்திருப்பார். லைசாசெக் போட்ட கணக்கு அவருக்குத் தெரியாமல் இல்லை. அவர் ரசிகர்களில் பெரும்பாலோர் அந்த நான்காம் இடத்தைத் தோல்வி என்று சொல்வதே இல்லை. அதே தாவலை ஏழு மாதம் கழித்து, 2022 செப்டம்பரில், அமெரிக்காவின் இலியா மாலினின் 17 வயதில் லேக் பிளாசிடில் போட்டு இறங்கினார். அதற்கும் விலை அதே 12.5தான்.